கணினியிலும் கைபேசியிலும் தமிழில் எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சிற்றிதழ் நடத்துபவர்கள், குடும்ப வரலாற்றை எழுதிவைக்க விரும்பும் பெரியவர்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைக்காகத் தடுமாறும் பெற்றோர்கள் எனப் பலரும் தமிழ்த் தட்டச்சு பற்றி என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கணினி பற்றிய முன்னறிவு தேவைப்படாத வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது. அதைத் தமிழாகக் காட்டும் எழுத்துரு மட்டும் உங்கள் கணினியில் இல்லை.

1980களிலும் 90களிலும் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்களுக்குக் கணினியில் தமிழுக்கென்று தனி இடம் எதுவும் இருக்கவில்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் மிகப் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி சேமித்துவைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். பாமினி இருக்கும் கணினியில் அது 'தமிழ்' என்று தெரியும். இல்லாத கணினியில் அந்த நான்கு எழுத்தும் அரைப்புள்ளியுமே தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அடுக்குமுறையை வைத்துக்கொண்டதால், ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் படிக்க முடியாத நிலையும் இருந்தது.

இதை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன். என் பெரியப்பா தம் வாழ்க்கை நினைவுகளைக் கையால் எழுதி, ஊரில் இருந்த ஓர் அச்சகத்தில் கொடுத்துத் தட்டச்சு செய்து, குறுந்தகட்டில் வாங்கி வைத்திருந்தார். நூலாக அச்சிடும் முன்பே அவர் காலமாகிவிட்டார், அச்சகமும் மூடப்பட்டது. கையெழுத்துப் படி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் குறுந்தகட்டைத் திறந்தபோது, எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஒரே வரிசை பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அது பாமினியில் 'அம்மா' என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்த பிறகு நூல் முழுவதையும் மீட்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்படிப்பட்ட கோப்பை மீட்பது எப்படி?

முதலில் மூலக் கோப்பின் ஒரு படியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதைத் திருத்தவோ மறுபெயரிடவோ வேண்டாம். பிறகு கோப்பை வேர்டு போன்ற மென்பொருளில் திறந்து, தமிழ்ப் பகுதியின் மேல் சுட்டியை வைத்து, எழுத்துருவின் பெயர் காட்டப்படும் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். பாமினியா, டேப், டேம், திஸ்கி என்ற பழைய குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறைகளில்) ஒன்றா, வேறொன்றா என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து உரையை ஒட்டினால், இன்றைய கருவிகள் அனைத்திலும் படிக்கக்கூடிய யூனிகோடு தமிழாக (இது பற்றி அடுத்த கேள்வியில்) மாற்றித் தரும்.

மாற்றிய பின் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்திருந்தால் அவையும் தமிழ் என்று கருதப்பட்டுப் பொருளற்ற எழுத்துக் குவியலாகியிருக்கும். மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும் இடம் மாறியிருக்கும். நீண்ட உரையை ஒரே மூச்சில் மாற்றாமல் அத்தியாயம் அத்தியாயமாக மாற்றுவது நல்லது. பிழையைத் தேடும் பரப்பு சிறிதாக இருக்கும்.

யூனிகோடு என்பது ஓர் எழுத்துருவா? அது தமிழுக்குச் சரியாக அமைந்திருக்கிறதா?

யூனிகோடு எழுத்துரு அன்று. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிலையான எண்ணைத் தரும் குறியாக்கம் அது. தமிழில் இதை ஒருங்குறி என்றும் சொல்கிறோம். 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 'த' என்ற எழுத்துக்கு உரிய எண் வேறெந்த எழுத்துக்கும் தரப்படாததால், எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது என்பதே இதன் பெரும் பயன்.

தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள். 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரப்படவில்லை. உயிர்கள், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றைக் கொண்டு மற்றவை அமைக்கப்படுகின்றன. நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் 'தமிழ்' கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆங்கிலக் குறுஞ்செய்தியில் 160 எழுத்து அடங்க, தமிழில் 70 இடமே கிடைக்கிறது என்பதையும், அந்த 70இல் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன என்பதையும் கைபேசியில் கவனித்திருப்பீர்கள்.

தமிழ் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. 'க்' என்பதுடன் அகரம் சேர்ந்து 'க' ஆகிறது. யூனிகோடோ 'க'வை அடிப்படையாகக் கொண்டு, புள்ளி வைத்து 'க்' ஆக்குகிறது. பிற இந்திய எழுத்துகளுக்கு வகுக்கப்பட்ட முறையை அப்படியே தமிழுக்கும் பொருத்தியதால் வந்த நிலை இது. இதை ஏற்காத அறிஞர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறியாக்கத்தை வகுத்தார்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. அவர்களுடைய குறையில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் கையில் இருக்கப்போகும் எந்தக் கருவியிலும் தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல் திறக்கக்கூடியது யூனிகோடு தமிழ்தான். ஆகவே சேமித்துவைக்கும் எழுத்துக்கு வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

எந்த விசைப்பலகையைக் கற்றுக்கொள்வது?

மற்றெல்லாக் கேள்விகளையும்விட அதிகம் கேட்கப்படுவது இதுவே. இன்று நடைமுறையில் மூன்று முறைகள் உள்ளன.

முதலாவது தட்டச்சுப்பொறி முறை. அரசுத் தட்டச்சுத் தேர்வில் இளநிலை, முதுநிலை தேறியவர்களின் விரல்களில் இது ஊறியிருக்கும். இலங்கையில் பழக்கத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஏற்கெனவே வேகமாக அடிப்பவர்கள் இதை விட்டுவிட வேண்டியதில்லை; விசைப்பலகை பழையதாக இருந்தாலும் வெளியீடு யூனிகோடாக இருக்கும்படி மென்பொருளில் அமைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது ஒலிபெயர்ப்பு முறை, அதாவது ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்துத் தமிழைப் பெறுவது. முதல் நாளே எழுதத் தொடங்கிவிடலாம் என்பதே இதன் கவர்ச்சி. ஆனால் ந, ன, ண என்ற மூன்றுக்கும், ல, ள, ழ என்ற மூன்றுக்கும், ர, ற என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் போதிய எழுத்து இல்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரித்து நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, தமிழில் ஒரு சொல்லை எழுதும் முன் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் மனத்தில் ஓடுவது. ஆங்கிலம் வழியாகவே தமிழை எழுதப் பழகிய பிள்ளைகள் ளகர, ழகர வேறுபாட்டில் தடுமாறுவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது தமிழ்99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 எழுத்துகளும் புள்ளியும் விசைகளில் உள்ளன. உயிர்கள் பெரும்பாலும் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வருவதால் இரு கைகளும் மாறி மாறி இயங்குகின்றன. நடு வரிசையில், விரல்கள் இயல்பாக அமரும் இடத்தில், அ, இ, உ, புள்ளி, எ, க, ப, ம, த, ந, ய ஆகியவை இருக்கின்றன.

இதன் அழகு புள்ளி விதியில் இருக்கிறது. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை மட்டும் அழுத்தினால் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போது முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. 'பந்து' என்று எழுத ப, ந, த, உ. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இன எழுத்து இணைகளிலும் இவ்வாறே மெல்லினத்தின் மேல் புள்ளி தானாக வருகிறது. பள்ளியில் படித்த இன எழுத்து இலக்கணம் விரல் நுனியில் வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர் எவராயினும் நான் சொல்வது தமிழ்99 என்பதையே. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரத்தில் விசைகளைப் பார்க்காமல் அடிக்க வந்துவிடும் என்பது நான் கற்றுக்கொடுத்த பலரிடமும் கண்டது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும்; அந்த வாரத்தில் கைவிட்டுவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இதற்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இன்றைய விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்டிராய்டு, ஐபோன் ஆகிய அனைத்திலும் மொழி அமைப்புக்குள் சென்று தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை கிடைக்கும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. கடைகளில் 'தமிழ் சாஃப்ட்வேர்' என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு நிறுவித் தருவது பல நேரங்களில் பழைய குறியாக்க எழுத்துருக்களையே. வாங்கும் முன் யூனிகோடா என்று கேளுங்கள்.

கைபேசியில் விசைப்பலகைச் செயலியை நிறுவும்போது, கடவுச்சொல் உட்பட நான் அடிப்பது அனைத்தையும் அது சேகரிக்கக்கூடும் என்று எச்சரிக்கை வருகிறது. நம்பலாமா?

ஆண்டிராய்டில் புதிய விசைப்பலகை எதைச் சேர்த்தாலும் அந்த எச்சரிக்கை வரும். குறிப்பிட்ட செயலி ஒன்றின் மீதான குற்றச்சாட்டு அன்று. ஆயினும் அது சொல்வது உண்மை. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அந்தச் செயலியின் வழியாகவே செல்கிறது. ஆகவே கைபேசியுடன் வந்த விசைப்பலகை, கூகுளின் ஜிபோர்டு, முத்து நெடுமாறன் உருவாக்கி 2005இல் சிங்கப்பூரில் வெளியான செல்லினம் போன்று நெடுங்காலமாக அறியப்பட்டவற்றைப் பயன்படுத்துங்கள். பூ, பட்டாம்பூச்சி, நடிகர் படம் என்று அலங்காரத்தோடு விளம்பரப்படுத்தப்படும் பெயர் தெரியாத விசைப்பலகைகளைத் தவிர்த்துவிடுங்கள். வங்கிச் செயலியில் கடவுச்சொல் அடிக்கும்போது கைபேசியின் சொந்த விசைப்பலகைக்கு மாறிக்கொள்வது நல்ல பழக்கம்.

பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி இருக்கும்போது தட்டச்சு எதற்கு?

2017இல் கூகுள் தமிழுக்கும் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது. கண் பார்வை மங்கியவர்களுக்கும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் இது ஒரு கொடை என்றே சொல்வேன். எண்பது வயதைக் கடந்த என் அத்தை, தம் சமையல் குறிப்புகள் அனைத்தையும் கைபேசியிடம் சொல்லிச் சொல்லியே எழுத்தாக்கிவிட்டார்.

ஆனால் அவர் 'வறுத்துப் பொடித்த கொத்தமல்லி' என்று சொன்னபோது ஒற்று இல்லாமல் 'வறுத்து பொடித்த' என்றே வந்தது. நிறுத்தக்குறிகளையும் பத்திப் பிரிப்பையும் நாமே செய்ய வேண்டியிருந்தது. பேச்சு வழக்கில் சொன்னால் சில சொற்கள் வேறு சொற்களாகிவிடுகின்றன. முதல் வரைவுக்குக் குரல், திருத்தத்துக்கு விரல் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சரி.

'கௌரி' என்று தேடினால் என் கோப்பில் இருக்கும் பெயர் கிடைக்கவில்லை. ஏன்?

உங்கள் கோப்பில் இருப்பது 'கௌரி' அன்று, 'கெளரி' என்பதால். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. முதலாவதில் கௌ, ரி என்று இரண்டு எழுத்துகள். இரண்டாவதில் கெ, ள, ரி என்று மூன்று. தட்டச்சுப்பொறியில் ஔகாரக் குறிக்கென்று தனி விசை இல்லாமல், ஒற்றைக்கொம்பு, மெய், ளகரம் என்று அடித்தே ஔகாரத்தைக் காட்டினார்கள். காகிதத்தில் அது சரியாகவே இருந்தது. கணினியில் அதே பழக்கம் தொடரும்போது, சொல்லே வேறாகிவிடுகிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைக் 'கெளரி' என்று ளகரத்தோடு வாசிக்கும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவை' என்று அடித்தால், அகரவரிசையில் ஔவையார் ஓகாரத்துக்குப் பின் வராமல் ஒகரத்தின் கீழ்ப் போய் நிற்பார்.

உறவினர் ஒருவரின் திருமண அழைப்பிதழில் மணமகள் பெயரே இவ்வாறு ளகரத்தோடு அடிக்கப்பட்டு, பிறகு எழுத்துரு மாற்றப்பட்டபோது அந்த ளகரம் முழு அளவில் தனித்துத் தெரிந்து, ஐந்நூறு அழைப்பிதழ்களையும் மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் 'கெள', 'ஒள', 'பெள', 'மெள' ஆகியவற்றைத் தேடிப் பார்த்து மாற்றிவிடுங்கள். ஆனால் 'அனைத்தையும் மாற்று' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டாம். 'ஒளி'யும் 'ஒளிவு'ம் 'ஒள' என்று தொடங்குவதாகக் கணினி எடுத்துக்கொண்டு கெடுத்துவிடலாம்.

இதே வகையில், 'கொ' என்பதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் அந்த விதியைப் பின்பற்றாத மென்பொருள்கள் ஒன்றைத் தேடும்போது மற்றதைக் காட்டுவதில்லை. தமிழ் எண் ௭ உம் எகரமும், ௨ உம் உகரமும் கண்ணுக்கு ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பங்களும் உண்டு.

பி.டி.எஃப். கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் குலைந்துவிடுகின்றனவே?

பி.டி.எஃப். என்பது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பதற்காக உருவான வடிவம். எந்த வடிவம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையே அது முதன்மையாக வைத்திருக்கிறது. 'கெ' என்பதில் கொம்பு இடப்பக்கம் தெரிந்தாலும், யூனிகோடில் ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் சேமிக்கப்பட வேண்டும். நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசை அப்படியே வந்துவிடுவதால் கொம்புகள் இடம் மாறுகின்றன.

இதற்கு எளிய வழி, கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறப்பது. அது பக்கத்தைப் படமாகக் கொண்டு எழுத்துகளை உணர்ந்து புதிய உரையாகத் தரும். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் தமிழை உணரும். தெளிவான அச்சாக இருந்தால் திருத்த வேண்டியவை குறைவு. ரகரமும் காலும் மாறியிருக்கிறதா என்று மட்டும் கூர்ந்து பாருங்கள். ஒரு நூலைப் பிறருக்குக் கொடுக்கும்போது பி.டி.எஃப். உடன் அதன் மூல உரைக் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பாடு யாருக்கும் இருக்காது.

நல்ல இலவச எழுத்துருக்கள் எவை?

நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ். திரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை. தலைப்புகளுக்குக் கேட்டமரன், பலூ தம்பி. இவை அனைத்தும் யூனிகோடு எழுத்துருக்கள், அச்சிலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.

வாட்ஸ்ஆப்பில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் எழுதுவது தவறா?

அவசரத்துக்கு 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்புவதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பள்ளியும் பல்லியும் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. மரமும் மறமும் அவ்வாறே. பத்து ஆண்டு கழித்து ஒரு பழைய செய்தியைத் தேட நினைத்தால், அன்று எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினோம் என்பது நமக்கே நினைவிருக்காது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுதும் செய்திகளையாவது தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அவர்கள் அதைப் படிக்கும் வேகத்திலேயே வேறுபாடு தெரியும்.

என் எழுத்துகளை நீண்ட காலம் பாதுகாக்க என்ன செய்ய வேண்டும்?

மதுரைத் திட்டத்தின் வரலாற்றைப் பாருங்கள். முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய அந்தத் தன்னார்வ முயற்சியில் பழந்தமிழ் நூல்கள் முதலில் மயிலை எழுத்துருவிலும், பின்னர் திஸ்கியிலும், அதன் பின்னர் யூனிகோடிலும் வெளியாயின. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழையதைப் புதியதாக்கியதால்தான் அவற்றை இன்று நாம் படிக்கிறோம். தனி மனிதரின் கோப்புகளுக்கு அப்படி ஒருவர் தானாக வரமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு படைப்பையும் வேர்டு கோப்பாக வைத்திருப்பதோடு, அலங்காரம் எதுவும் இல்லாத எளிய உரைக் கோப்பாகவும் ஒரு படி சேமியுங்கள். ஒரு படி உங்கள் கணினியிலும், மற்றொன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடமோ இணையச் சேமிப்பகத்திலோ இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் என்று வைத்துக்கொண்டாலும் சரி, எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். கோப்பின் முதல் வரியில் எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு, எந்த விசைப்பலகையில் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது ஆகிய விவரங்களை எழுதிவிடுங்கள். என் பெரியப்பாவின் குறுந்தகட்டு உறையின் மேல் 'பாமினி' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் போதுமாயிருந்தது.